கத்தரிப்பூ நிறப் புள்ளி

சம்பந்தி வருகிறார் என்று தெரிந்ததும் என் மனைவி செய்த முதல் காரியம் வீட்டைப் பெருக்கியது அல்ல. என்னை உட்கார வைத்து என் வாய்க்குப் பூட்டுப் போட்டதுதான்.

"இங்க பாருங்க. மோட்டாரைப் பிரிங்க, மாட்டுங்க, அது உங்க பாடு. வாயை மட்டும் திறக்கக் கூடாது. வர்றது கஸ்டமர் இல்ல, நம்ம பொண்ணு வாழற வீட்டுப் பெரிய மனுஷர்."

"நான் என்ன அவரைக் கடிச்சா வைக்கப் போறேன்?"

"போன வாரம் அந்த மீன் வியாபாரியை என்ன சொன்னீங்க?"

"கண்ட ஆயிலையும் ஊத்திட்டு வந்து நின்னா, கொஞ்சவா முடியும்?"

"அதான் சொல்றேன். நான் ஒரு தடவை இருமினா நிதானம். ரெண்டு தடவை இருமினா சொல்லிட்டிருக்கிறதை அப்படியே விழுங்கிடணும்."

இருபத்தாறு வருஷமாகப் படகு மோட்டார் ரிப்பேர் செய்கிறேன். கை சுத்தம், வாய்தான் மோசம் என்று படகுத்துறை முழுக்கச் சொல்வார்கள். சொல்லட்டும். திட்டு வாங்கினாலும் மோட்டார் என்னிடம்தானே வருகிறது?

ஆனால் இந்தத் தடவை விஷயம் மோட்டாரோடு நிற்கவில்லை. மகளைக் கொடுத்த வீட்டில் ஆற்றுக்குக் குறுக்கே ஆள் ஏற்றும் படகு ஒன்று இருக்கிறது. காலையில் மாப்பிள்ளை ஓட்டுவார், மத்தியானத்துக்கு மேல் என் மகள். மூன்று மாதமாக மோட்டாரில் ஒரு சத்தம். மருமகள் ஆக்சிலரேட்டரை முறுக்கி முறுக்கியே கெடுத்துவிட்டாள் என்று சம்பந்தி முடிவு கட்டிவிட்டார். போன மாதம் அவளிடமிருந்து கைக்கயிற்றையும் வாங்கிக்கொண்டார். அது சிவப்புச் சுருள் கயிறு. ஒரு நுனி ஓட்டுகிறவர் மணிக்கட்டில், மறுநுனி மோட்டார் சுவிட்சில். ஆள் தவறித் தண்ணீரில் விழுந்தால் மோட்டார் நின்றுவிடும். அது இல்லாவிட்டால் மோட்டார் கிளம்பவே கிளம்பாது. ஒரு மாதமாக, காலையில் மாப்பிள்ளை ஓட்டும் நேரம் போக, அந்தக் கயிறு சம்பந்தியின் சட்டைப் பையில், என் மகள் வீட்டுக்குள்.

போனில் கேட்டால் "பரவாயில்லப்பா" என்றாள். அந்தப் பரவாயில்லையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கோபத்தில் எனக்கு அக்கா மாதிரி இருப்பவள் அவள். வரிந்து கட்டிக்கொண்டு நிற்க வேண்டிய இடத்தில் பரவாயில்லை என்கிறாள் என்றால் எவ்வளவு நொந்திருக்க வேண்டும்! சத்தத்துக்குக் காரணம் அவள் இல்லை என்று இன்றைக்கு நிரூபிக்காமல் விடுவதில்லை என்று இருந்தேன்.

பத்து மணிக்கு வந்து சேர்ந்தார்கள். படகுக்குத் துடுப்புப் போட்டது யார் என்கிறீர்கள்? என் மகள்தான். சம்பந்தி குடை பிடித்து முன்னால் உட்கார்ந்திருந்தார். மோட்டாரைத் தொடக் கூடாதாம், துடுப்புப் போடலாமாம்! நான் வாயைத் திறந்தேன். மனைவி ஒரு தடவை இருமினாள்.

மோட்டாரைக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு வந்து வீட்டுக்குப் பின்னால் இருக்கும் என் ஷெட்டில் தண்ணீர் டிரம்மின் விளிம்பில் மாட்டினோம். சம்பந்தி ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒரு பெரிய கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். குடைப்பிடி, கண்ணாடிக் கூடு, செருப்பின் குதிகால் என்று அவருடைய சாமான் எல்லாவற்றிலும் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு புள்ளி இருக்கும். புள்ளி இல்லாவிட்டால் அது அவருடையது இல்லை.

"டாப்பெட் சத்தம் சம்பந்தி. நான் பார்த்துட்டேன்" என்றார்.

"இருக்கலாம் சம்பந்தி" என்றேன். இந்த வார்த்தையை இதற்கு முன் யாரிடமும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. மகள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

சம்பந்தி கயிற்றை எடுத்துத் தன் கையாலேயே சுவிட்சில் செருகினார். ஸ்டார்ட் செய்தேன். மோட்டார் உதறிய உதறலில் டிரம்மிலிருந்து தண்ணீர் வழிந்தது. அடியில் கொர்ரென்று ஓர் உறுமல். நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். வால்வைத் திறக்கும் டாப்பெட் என்றால் மேலே டிக் டிக் என்று கேட்கும். இது பக்கவாட்டிலிருந்து வந்தது. பிளக் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடில் கோளாறு என்றால் அந்த சிலிண்டரை நிறுத்தியதும் சத்தம் குறைய வேண்டும். குறையவில்லை. ஸ்க்ரூ டிரைவரை ஓரத்து மூடிமேல் நகர்த்தினேன். கூழாங்கல்லைப் போட்டு அரைப்பது போல் காதுக்குள் இரைந்தது.

"பேலன்சர் சம்பந்தி."

பிஸ்டன்கள் மேலும் கீழும் குதிக்கும்போது எஞ்சின் உதறும். அந்த உதறலுக்கு எதிராகச் சுற்றி அதை அடக்குவதற்கென்றே எடை வைத்த ஒரு தண்டு பக்கத்தில் இருக்கிறது. அதுதான் பேலன்சர். நான் குதித்தால் என் மனைவி இருமுகிறாளே, அதே வேலைதான்.

"அதிகமா முறுக்கினா அது போகும், இல்லையா?" என்றார் சம்பந்தி.

"முறுக்கினா போகாது!" என்று என் குரல் உயர்ந்தது. ஓர் இருமல். "...ன்னு நினைக்கிறேன். திறந்து பார்த்துடலாம்."

மகள் டீ போட உள்ளே போனாள், மனைவியும் பின்னாலேயே போனாள். நான் ஃப்ளைவீலைப் புல்லர் போட்டுக் கழற்றினேன். அடுத்தது ஓரத்து மூடி. அதன் போல்ட் தலைகள் எல்லாம் சிதைந்திருந்தன. அளவு பொருந்தாத ஸ்பேனரைப் போட்டு யாரோ மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

"எந்த முட்டா..." என்று ஆரம்பித்தேன். சமையலறை ஜன்னலிலிருந்து இரண்டு இருமல். விழுங்கினேன்.

மூடியைத் தூக்கினேன். இரண்டு பல்சக்கரங்கள், ஒன்று எஞ்சினுடையது, ஒன்று பேலன்சருடையது. கம்பெனிக்காரன் ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் குழி போட்டிருப்பான். இரண்டும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். நிற்கவில்லை, ஒரு பல் தள்ளி இருந்தன. அதற்குப் பக்கத்துப் பற்களில், அழகாக நேருக்கு நேர், இரண்டு கத்தரிப்பூ நிறப் புள்ளிகள்.

நான் நிமிர்ந்தேன். சம்பந்தியும் எட்டிப் பார்த்துவிட்டார். குழியையும் புள்ளியையும் மாறி மாறிப் பார்த்தார். குடைப்பிடியில் இருந்த புள்ளியைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டார். கையும் களவுமாகப் பிடிபட்ட பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்த அந்த மனுஷனைப் பார்க்க எனக்கே என்னவோ போல் இருந்தது.

எனக்கு எப்பேர்ப்பட்ட வாய்ப்பு! பல் மாற்றி மாட்டினால் உதறும், உதறினால் பேரிங் தேயும், தேய்ந்தால் சத்தம் வரும், இதில் என் பெண் எங்கே வந்தாள் என்று கேட்க வேண்டியதுதான் பாக்கி. வார்த்தை நுனி நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. உள்ளே டம்ளர் சத்தம் கேட்டது. இருமல் மட்டும் வரவில்லை. இவரை இன்றைக்கு மருமகள் முன்னால் கூனிக்குறுக வைத்துவிட்டால், நாளைக்கு இந்த முகத்தை வீட்டில் பார்த்துக்கொண்டு இருக்கப்போவது அவள்தானே என்று தோன்றியது. கந்தல் துணியைப் பெட்ரோலில் நனைத்துப் புள்ளியைத் தேய்த்தேன்.

போகவில்லை. அழுத்தித் தேய்த்தேன். அது பாட்டுக்கு மினுமினு என்று இருந்தது. மகளின் கால் சத்தம் நெருங்கியது.

"பெயிண்ட் தின்னர் போடுங்க சம்பந்தி" என்றார் அவர். "பெட்ரோலுக்கு அது மசியாது."

தின்னர் போட்டேன். போயிற்று.

பேலன்சரின் பேரிங் நொறுங்கிப் போயிருந்தது, ஆயிலில் ஜிகினா மாதிரி உலோகத் தூள். மனைவி ஸ்கூட்டரில் போய்க் கடையிலிருந்து புது பேலன்சரும் பேரிங்கும் வாங்கி வந்தாள். மாட்டும்போது, "சம்பந்தி, என் கண்ணை நம்ப முடியல. குழி ரெண்டும் நேரா இருக்கான்னு பாருங்க" என்றேன். என் கண் கழுகுக் கண். அவர் கண்ணாடியைத் துடைத்து, குனிந்து மூன்று தடவை பார்த்தார்.

"நேரா இருக்கு சம்பந்தி."

மூடினோம், புது ஆயில் ஊற்றினோம், ஸ்டார்ட் செய்தோம். அடேங்கப்பா! மோட்டார் ஓடுகிறதா இல்லையா என்று கைவைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. மேல்மூடியில் டீ டம்ளரை வைத்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"பேரிங் கோளாறு, அவ்வளவுதான்" என்றேன் பொதுவாக. "யார் மேலயும் தப்பு இல்ல." தொழிலில் நான் சொன்ன முதல் பொய் அது.

"இல்ல." சம்பந்தி எழுந்தார். மோட்டாரை நிறுத்திக் கயிற்றை உருவினார். என் மகளுக்கு எதிரில் போய் நின்றார். "மூடியில ஆயில் கசியுதுன்னு நான்தான் திறந்தேன்மா. பல்லு மாத்தி மாட்டி, அதுமேலயே புள்ளி வச்சதும் நான்தான். இப்பத்தான் எனக்கே தெரியுது. ஒரு மாசம் உன்னை வீட்டுல உட்கார வச்சிட்டேனே. மனசுல வச்சுக்காத."

"தெரியும் மாமா" என்றாள் என் மகள்.

"எப்படித் தெரியும்?"

அவள் கயிற்றுக்காகக் கையை நீட்டினாள். ஐந்து விரல் நகங்களிலும் கத்தரிப்பூ நிறம்.

"நெயில் பாலிஷ் பாட்டிலை யார்கிட்ட வாங்கினீங்க? பாதி பாட்டில் உங்க குடையிலயும் செருப்புலயும்தான் இருக்கு. பாட்டிலைத் திருப்பித் தந்த அன்னைக்குத்தான் முதல் உதறல். பிடியைப் பிடிச்சதுமே தெரிஞ்சிருச்சு, பல்லு மாறியிருக்குன்னு. நான் யார் பொண்ணு?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மூணு மாசமாவா வாயை மூடிட்டு இருந்த? எங்கிட்ட ஏண்டி சொல்லல?"

"சொன்னா நீங்க ஊரைக் கூட்டியிருப்பீங்க. அப்புறம் மாமா ஆயுசுக்கும் ஒரு ஸ்பேனரைத் தொடுவாரா? அதைப் போட்டு நோண்டறதுதான் அவருக்கு ஒரே பொழுதுபோக்கு. அப்பாகிட்டக் காட்டலாம் மாமான்னு நான்தான் நச்சரிச்சு இழுத்துட்டு வந்தேன். நீங்க கண்டுபிடிச்சிருவீங்கன்னு தெரியும். வாயை அடக்குவீங்களான்னுதான் பயம். அதுக்குத்தானே அம்மாவை இருமச் சொன்னேன்!"

சம்பந்திதான் முதலில் சிரித்தார். சிரித்துச் சிரித்து ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மணி நேரம் வாயை மூடியதற்கே எனக்குத் தொண்டை வலித்தது. இவள் மூன்று மாதம் மூடியிருக்கிறாள், அதுவும் பழி தன் தலையில் கிடக்க! என் பெண்ணை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

சாயங்காலம் மோட்டாரைப் படகில் மாட்டி வழியனுப்பினோம். கயிறு மகளின் மணிக்கட்டில் இருந்தது. சம்பந்தி முன்னால் குடையோடு உட்கார்ந்து கையாட்டினார். நடு ஆறு போவதற்குள்ளேயே சத்தம் கேட்கவில்லை, படகு மட்டும் நேராகப் போய்க்கொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

திடீரென்று ஞாபகம் வந்தது. புது பேரிங், முதல் நாள் மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். இரண்டு கையையும் வாயருகே குவித்து, "அளவா முறுக்..." என்று கத்த ஆரம்பித்தேன்.

பக்கத்தில் மனைவி இரண்டு தடவை இருமினாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.