நான்கு மணிச் சுமை

ஷஹ்லா முதல் தடவை என் கடைக்கு வந்தபோது, காலி மாவுப் பை ஒன்றில் தன் கணினியின் பவர் சப்ளையைச் சுற்றிக் கொண்டுவந்தாள். பாக்தாத்தின் ஸினாஆ தெருவில் பதினெட்டு வருஷமாகக் கணினி பாகங்கள் விற்கிறேன். மகள் தீமாவின் பெயரால் எல்லோருக்கும் நான் அபூ தீமா. கையில் வாங்கியதுமே பாதி தெரிந்துவிடும். நல்ல சரக்கு கனக்கும். இது சாப்பாட்டுத் தட்டின் கனம்கூட இல்லை. மேலே மட்டும் எழுநூற்றைம்பது வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"இதை யாரு தங்கச்சி உங்க தலையில கட்டினது?"

"என் அண்ணன் மாட்டினது. ஏற்கெனவே இருந்தது எரிஞ்சுபோச்சுன்னு அவசரத்துக்கு வாங்கினான். எட்டு வருஷம் ஆச்சு, அபூ தீமா. ஒரு நாளும் தகராறு பண்ணல. இப்போ மூணு வாரமா தினம் நாலு மணிக்கு பிரேக்கர் விழுது."

நகரின் கர்ராதா பகுதியில் அவளும் அம்மாவும் மட்டும் இருக்கும் வீடு. சமையலறை அலமாரிகள் செய்யும் பட்டறை ஒன்றுக்கு அவள் கணினியில் படம் போட்டுத் தருகிறாள். அரசு மின்சாரம் மதியம் மூன்று மணிக்குப் போனால் ஆறுக்குத்தான் வரும். அதுவரை தெரு ஜெனரேட்டர். அவர்கள் பங்கு நான்கு ஆம்பியர். அதற்கு மேல் இழுத்தால் கம்பத்துப் பெட்டியில் பிரேக்கர் விழும். ஜெனரேட்டர்காரர் வந்து முறைத்துவிட்டு மறுபடி தூக்கிவிடுவார்.

"ஆயிரம் வாட்ல ஒண்ணு குடுங்க. பெருசா இருந்தா விழாதுல்ல?" என்றாள்.

எல்லோரும் செய்கிற தப்பு அது. "பெருசு வாங்கினா பிரேக்கர் விழறது நிக்காது தங்கச்சி. இந்தப் பெட்டி சுவத்துல இருந்து நூறு வாங்கினா உள்ள எழுபதுதான் குடுக்கும். மிச்சம் சூடாப் போயிடும். அதுவும் கரெண்டை ஒழுங்கா இழுக்காது, விட்டு விட்டு முட்டி இழுக்கும். அதனால வாட் கம்மியா இருந்தாலும் ஆம்பியர் எகிறும். ஜெனரேட்டர்காரன் எண்ணுறது ஆம்பியரைத்தான். மொதல்ல உங்க கம்ப்யூட்டர் எவ்வளவு சாப்பிடுதுன்னு பாருங்க. அதைப் போல ரெண்டு மடங்குக்கு ஒண்ணு வாங்கினா போதும்."

செருகியில் மாட்டும் சின்ன அளவுமானி ஒன்றை ஒரு வாரத்துக்கு இரவல் கொடுத்து அனுப்பினேன். அன்று எனக்கு வியாபாரம் ஆகவில்லை. ஆனால் இப்படிப் போனவர்கள் திரும்பி வருவார்கள்.

வந்தாள். ஒரு தாளை என் முன்னால் விரித்தாள். காலையில் படம் போடும்போது இருநூற்றுத் தொண்ணூறு வாட். சும்மா இருக்கும்போது எண்பத்துநாலு. அடுத்த வரியைப் பேனாவால் இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தாள். மதியம் நாலு மணி, நூற்றுமுப்பது. நாலே காலுக்கு நானூறு. பிரேக்கர் விழுந்தது. ஏழு நாளும் அதேதான்.

"நாலு மணிக்கு என்ன வேலை பண்றீங்க?"

"தூங்கறேன். இந்தத் தாளுக்காகத்தான் முழிச்சிருந்தேன். திரையைக்கூட அணைச்சுத்தான் வெச்சிருப்பேன். கரெண்டு மாறினா கம்ப்யூட்டர் தானாத் திரும்ப எழுந்துக்கற மாதிரி அண்ணன் வெச்சிட்டுப் போயிருக்கான். அது பாட்டுக்கு இருக்கும்."

எனக்கு உடனே தோன்றியது, யாரோ வெளியிலிருந்து இணையம் வழியாக நுழைந்து அவள் கணினியில் திருட்டு வேலை ஓட்டுகிறார்கள் என்பதுதான். அப்படி எத்தனையோ பார்த்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை வந்து துடைத்துத் தருகிறேன் என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை புழுதிக்காற்று. வானம் ஆரஞ்சு நிறத்தில் தொங்கியது. தெருவில் ஒருவர்கூட இல்லை. அவள் அம்மா கதவைத் திறந்தார். மகன் பெயரால் எல்லோரும் அவரை உம்ம் சர்மத் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒடிசலான உடம்பு, காது கொஞ்சம் மந்தம்.

"வா கண்ணு. ஷஹ்லா சொன்னா. சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்க" என்றார்.

கணினி அறையில் மேஜை ஓரமாக ஒரு குவளைத் தேநீர் ஆவி பறந்துகொண்டிருந்தது. எனக்காக என்று நினைத்துக் கை நீட்டினேன்.

"அது உனக்கு இல்ல மகனே. உனக்கு வேற கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

ஷஹ்லா தலையைக் குனிந்துகொண்டாள். "அம்மா ஒரு மாசமா தினமும் வெக்கறாங்க. கேட்டா பதில் சொல்ல மாட்டாங்க."

அவள் அண்ணன் சர்மத்தைப் பற்றி அப்போதுதான் சொன்னாள். பொறியியல் அலுவலகம் ஒன்றில் வரைபடக்காரன். எட்டு வருஷத்துக்கு முன் துருக்கி போய், அங்கிருந்து ரப்பர் படகில் ஏறினான். படகு கவிழ்ந்தது என்று தப்பியவர்கள் சொன்னார்கள். உடல் கிடைக்கவில்லை. துஆ ஓதுவது, மூன்று நாள் துக்கம் கேட்கும் ஃபாத்திஹா, எதற்கும் அம்மா சம்மதிக்கவில்லை. உடலைக் காட்டு, அப்புறம் அழுகிறேன் என்று சொல்லிவிட்டார்.

மூன்று மணிக்கு மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டர் இரைந்தது, கணினி தானாக எழுந்தது. முதலில் இணையத்தைப் பார்த்தேன். செத்துக் கிடந்தது. தெருமுனைக் கோபுரத்தின் பேட்டரி போய் இரண்டு மாதம் ஆகிறது, அரசு மின்சாரம் இல்லாத நேரத்தில் இங்கே இணையமே இல்லை என்றாள் ஷஹ்லா. என் கணக்கு அந்த இடத்திலேயே இடறியது. இருந்தாலும் கேபிளைப் பிடுங்கி என் சட்டைப் பையில் சுருட்டி வைத்துக்கொண்டேன்.

அளவுமானியில் எண்பத்துநாலு. வெளியே காற்று ஜன்னலில் மணலை வாரி அடித்தது. எண்பத்துநாலு. எண்பத்துநாலு. நாலு மணிக்கு ஒரு நிமிஷம் இருக்கும். விசிறியின் சத்தம் மாறியது. தூங்குகிறவர் புரண்டு படுத்தால் மூச்சு மாறுமே, அந்த மாதிரி. நூற்றுமுப்பத்தொன்று.

திரையைப் போட்டேன். வரைபட மென்பொருள் திறந்திருந்தது. கறுப்புப் பரப்பில் வெள்ளைக் கோடுகளாக இந்த வீட்டின் மொட்டைமாடி. அதன் மேல் பாதி முடிந்த ஒரு அறை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கோடு, சுவரின் மூலையிலிருந்து கிளம்பி, அவசரமில்லாமல் நீண்டு, நின்றது.

எலிப்பொறியைத் தொடுவதுபோல மவுஸைத் தொட்டேன். அசைத்தேன். அம்புக்குறி என் கைக்கு நகர்ந்தது. விட்டேன். அது பழைய இடத்துக்குத் தானே திரும்பி, அடுத்த கோட்டைத் தொடங்கியது.

"அது அண்ணனோட பிளான்" என்றாள் ஷஹ்லா. "கல்யாணம் ஆனா மேல ஒரு ரூம் கட்டணும்னு சொல்லிட்டிருந்தான். ரெண்டு சுவரு போட்டுட்டுத்தான் போனான்."

"அவன் போனப்புறம் நீங்க யாராவது தொட்டீங்களா?"

"இல்ல." திரையில் ஒரு வட்டத்தைக் காட்டினாள். "இந்தத் தண்ணித் தொட்டி அந்தப் பக்கம் இருந்தது. மூணு வருஷம் முன்னாடிதான் இந்தப் பக்கம் மாத்தினோம். அவனுக்கு எப்படித் தெரியும்?"

உம்ம் சர்மத் எனக்கு இன்னொரு குவளைத் தேநீரோடு அறை வாசலில் நின்றிருந்தார்.

"பெட்டி மூச்சு மாறினதும் எனக்குத் தெரியும். காதுல விழாது, தரையில தெரியும். ஒரு மாசமா வர்றான்" என்றார்.

அதற்குள் விசிறி உரக்கச் சுற்றத் தொடங்கியது. கோடுகள் மறைந்தன. நூற்றுமுப்பது, இருநூற்றைம்பது, நானூறு. கோட்டு வரைபடத்தை வண்ணமும் வெளிச்சமும் சேர்த்து முழுப் படமாக ஆக்கப் பார்க்கிறது என்று எனக்குப் புரிந்தது. திரையின் மேல் விளிம்பில் ஒரு கீற்று வெளிச்சம் விழுந்தது. அவ்வளவுதான். வெளியே கம்பத்தில் பிரேக்கர் விழுந்தது. எல்லாம் இருண்டது.

கேபிள் என் பையில்தான் இருந்தது. இரண்டு முறை தொட்டுப் பார்த்தேன்.

"தங்கச்சி, இதை வித்துடுங்க. நானே வாங்கிக்கறேன். வேற ஒண்ணு சேர்த்துத் தர்றேன்" என்றேன்.

ஷஹ்லாவும் சரி என்றுதான் சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறேன். அவள் முகம் அப்படி வெளுத்திருந்தது. உம்ம் சர்மத் என் கையைப் பிடித்தார்.

"தினமும் பாதியில அணைஞ்சு போகுது மகனே. மறுநாள் வந்து திரும்பவும் ஆரம்பிக்கறான். அலுக்காதா அவனுக்கு? அணையாத மாதிரி ஏதாவது மாட்டிக் குடு."

வாழ்க்கையில் எத்தனையோ பேருக்குப் பவர் சப்ளை தேர்ந்தெடுத்திருக்கிறேன். விளையாடுகிற பையன்களுக்கு, படம் வெட்டுகிறவர்களுக்கு, வங்கிக்கு. அன்று ராத்திரி கடையில் உட்கார்ந்து அட்டைப் பெட்டிகளைத் திருப்பித் திருப்பிப் படித்ததுபோல என்றும் படித்ததில்லை. மின் சிக்கனத்துக்குத் தரும் தங்கச் சின்னம் போட்டது மூன்று இருந்தது. அது பாதிச் சுமையில் நன்றாக ஓடும், ஆனால் சுமை குறைந்தால் அதன் திறனும் சரியும். இந்தக் கணினியோ நாளெல்லாம் சும்மா கிடந்து, நாலு மணிக்கு மெதுவாக எழுந்து, கடைசியில் ஒரேயடியாக இழுப்பது. மூன்று நிலையிலும் வீணாக்காமல், ஆம்பியரை ஒழுங்காக இழுப்பதாக வேண்டும். பிளாட்டினம் சின்னத்தில் அறுநூற்றைம்பது வாட் ஒன்று இருந்தது. அதன் திறன் வரைகோட்டைத் தாளில் பார்த்தேன். அடியிலிருந்து நுனிவரை அதிகம் சரியவே இல்லை. அதையே எடுத்தேன். யாருக்காகத் தேர்ந்தெடுக்கிறேன் என்று யோசிக்காமல் இருக்கப் பார்த்தேன்.

மறுநாள் காலையில் போய் மாட்டினேன். சும்மா இருக்கும்போது எண்பத்துநாலு இருந்தது அறுபத்தொன்றாக இறங்கியது. பெட்டி சூடாகவே இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். முழுச் சுமையில் ஒன்றரை ஆம்பியர்தான் வரும். முன்பு அதுவே மூன்று. ஃபிரிட்ஜும் ஏர் கூலரும் சேர்ந்தாலும் நாலைத் தொடாது.

அதற்குப் பிறகு நடந்ததை ஷஹ்லா ஃபோனில் சொன்னாள். அன்று நாலு மணிக்கு முழுப் படமாக ஆக்கும் முயற்சி நடக்கவில்லையாம். கோடுகள் மட்டும் வந்தன. மறுநாளும் அப்படியே. அவசரம் போய்விட்டதுபோல ஒன்பது நாள் பொறுமையாக வரைந்தது. ஒரு ஜன்னல், புத்தகத் தட்டு, கட்டில், அதன் தலைமாட்டில் ஒரு பிளக் பாயிண்ட்கூட. பத்தாம் நாள் கோடு எதுவும் வரவில்லை. அம்புக்குறி மட்டும் அறையின் நடுவில் துடித்துக்கொண்டு நின்றது.

"அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவங்க ரொம்ப நேரம் பார்த்துட்டு, கதவு எங்கன்னு கேட்டாங்க. அப்போதான் கவனிச்சேன், அபூ தீமா. நாலு சுவரு இருக்கு, கதவு இல்ல."

நான் திரும்பிக் கடை வாசல் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். பட்டப்பகல், கடையில் ஆறு பேர் நின்றிருந்தார்கள்.

"என்ன பண்ணினீங்க?"

"இன்னிக்குக் காலையில நானே வரைஞ்சேன். படிக்கட்டுப் பக்கம், மூணடி அகலத்துல. ரெண்டு தடவை கோணலாப் போச்சு. இன்னிக்கு மதியம் நீங்களும் வாங்க. எங்களுக்குத் தனியா உக்காரப் பயமா இருக்கு."

போனேன். மூன்று பேரும் திரைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். நாலு மணிக்கு அளவுமானி அறுபத்தொன்றில் இருந்தது. நாலே காலுக்கும் அறுபத்தொன்று. ஷஹ்லா நகத்தைக் கடித்தாள். நாலரைக்குச் சற்று முன், நடுவில் எங்கும் நிற்காமல் எண் ஒரே ஏறாக ஏறி முன்னூற்றுப் பத்தில் நின்றது. விசிறி லேசாக இரைந்தது. கம்பத்தில் ஒன்றும் விழவில்லை.

நாற்பது நிமிஷம் ஆயிற்று. படம் மேலிருந்து கீழாக, விரல்கடை விரல்கடையாக வந்தது. முதலில் கூரை. பிறகு ஜன்னலும் அதில் மதிய வெயிலும். தட்டில் புத்தகம் எதுவும் இல்லை. கட்டில் விரிப்பு மடிப்புக் கலையாமல் இருந்தது. கடைசியில் ஷஹ்லா போட்ட கதவு. அவள் அதை மூடியபடி வரைந்திருந்தாள். படத்தில் அது முழுக்கத் திறந்து கிடந்தது. அதற்கு அப்பால் படிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெளிச்சம். தரையில் கட்டிலிலிருந்து வாசல்வரை ஈரக் காலடிகள் போயிருந்தன. திரும்பி வந்த தடம் இல்லை.

அளவுமானி அறுபத்தொன்றுக்கு இறங்கியது. அதன் பிறகு எந்த மதியமும் ஏறவில்லை. இரண்டு வாரம் நானே நாலு மணிக்கு ஃபோன் போட்டுக் கேட்டேன்.

படம் முடிந்த அன்று நான் கிளம்பும் வரை உம்ம் சர்மத் படத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. ஷஹ்லா தோளில் கை வைத்தபோது, "ஈரமாவே போயிருக்கான் பாரு" என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "ஞாயித்துக்கிழமையில இருந்து மூணு நாள் ஃபாத்திஹா வெச்சிடலாம். பந்தல்காரனுக்குச் சொல்லிடு" என்றார்.

மூன்று நாளும் போனேன். கசப்புக் காப்பி சுற்றி வந்தது. எட்டு வருஷம் தாமதமாகத் துக்கம் கேட்க வந்தவர்கள் என்ன சொல்வது என்று தெரியாமல் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே பெண்கள் பக்கத்திலிருந்து உம்ம் சர்மத்தின் அழுகைச் சத்தம் முதல் தடவையாகக் கேட்டது. தெருவே கேட்கிற மாதிரி அழுதார்.