மேட்டு மணலும் கீழ்க் கிணறும்

கொழுந்தனின் டிராக்டர் களைக்கொல்லித் தொட்டியோடு வந்தபோது, மேட்டு வயலின் வாசலில் எருவைக் கொட்டி அண்ணி வழியை மறித்திருந்தாள்.

"வழிய விடுங்க அண்ணி, களை இடுப்பளவு நிக்குது."

"இந்த எருவைப் போட்டு, நிக்கிற களைய மடக்கி உழுதுட்டு, திரும்ப முளைக்கிறதுக்கு அப்புறம் அடிங்க தம்பி. உங்க மணல்ல நிக்காம மருந்து மழையோட என் கிணத்துக்கு இறங்குது. என் பிள்ளைங்க குடிக்கிற தண்ணி அது."

"எருவே மருந்தத் தின்னுட்டா களை எப்படிச் சாகும்?"

"தின்னாது, மேல் மண்ணுலயே பிடிச்சு வைக்கும். களையும் அங்கதான முளைக்குது?"

ஓட்டை போட்ட இரண்டு வாளிகளைக் காட்டினாள். ஒன்றில் வெறும் மணல், மற்றதில் எரு கலந்த மணல். இரண்டிலும் மருந்துத் தண்ணீர் ஊற்றி, அடியில் வடிந்ததை அவரைக் கன்றுகளுக்கு விட்டிருந்தாள். மணலில் வடிந்ததைக் குடித்த கன்று கருகிக் கிடந்தது. மற்றது பச்சையாக நின்றது.

"வாளியில விவசாயமா?" என்று அவன் சிரித்தான்.

"சிரிங்க. ஆனா என் மேல வண்டிய ஏத்திட்டுத்தான் உள்ள போகணும்."

அவள் நகரவில்லை. அவன் கருகிய கன்றையே பார்த்தான். பிறகு எஞ்சினை அணைத்தான்.

"மண்வெட்டி இருக்கா?"

"ரெண்டு கொண்டு வந்திருக்கேன்."