தெரிந்தே வாங்கியவர்

மின்சாரக் கம்பெனித் தலைவர் அவளுக்கு உடன்பிறந்த அண்ணன். மின்மாற்றி வெடித்த பழியை அவள் கணவன் தலையில் கட்டி, வேலையைவிட்டுத் துரத்தியதும் அவரேதான். கம்பெனி வீடும் போயிற்று. இப்போதெல்லாம் வாசல்மணி அடித்தாலே கணவன் உள்ளறைக்குள் போய்விடுகிறான். வக்கீலான அவள், அண்ணனை அடிக்க ஓர் இடம் தேடிக்கொண்டிருந்தாள். இடத்தை அவரே காட்டிக்கொடுத்தார்.

மின்சாரக் கம்பெனி கடன்பத்திரம் வெளியிட வேண்டுமானால் ஒழுங்குமுறை ஆணையம் முதலில் அனுமதி தரவேண்டும். எப்படியும் வந்துவிடும் என்று அனுமதிக்கு முன்பே விற்றுவிடுவது அண்ணன் கம்பெனியின் வாடிக்கை. இந்தமுறை அனுமதி வரவில்லை. வீடுவீடாக மீட்டர் ரீடிங் எடுத்து ஓய்வுபெற்ற ரீடிங்காரர்கள் சேமிப்பைப் போட்டு வாங்கிவிட்டார்கள். அதிக வட்டிக்கு ஆசைப்பட்டு அண்ணனும் வீட்டை அடகுவைத்துக் கட்டுக்கட்டாக வாங்கியிருந்தார்.

அந்தப் பத்திரங்களை எதிர்த்து நுகர்வோர் சார்பில் அவள் ஆணையத்தில் ஆட்சேபம் போட்டாள்.

விசாரணையன்று தாழ்வாரத்தில் அண்ணன் சிரித்தார். "என்னடி, எல்லாப் பத்திரமும் செல்லாதுன்னு கேக்கப்போறியா? கேளு, கேளு. ரீடிங் எடுத்த கிழவனுங்க மொத்தப்பேரும் உன் வாசல்ல வந்து மண்ணை வாரித் தூத்துவாங்க."

"அது என் கவலை. நீ கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கோண்ணே. உள்ள நிறையப் பேசணும்."

உள்ளே பின்வரிசை முழுக்க அவருடைய ஊழியர்கள். சாட்சிக் கூண்டில் நின்ற அண்ணனைக் கேள்வி கேட்க அவள் சாவகாசமாக எழுந்தாள்.

"அனுமதி வந்துடுச்சுன்னு நம்பித்தானே வாங்கினீங்க? இல்லேன்னா இந்தக் கம்பெனியை நம்பி நீங்களே காசு போட்டிருக்க மாட்டீங்கன்னு வெளியில பேச்சு."

அவருக்குச் சுருக்கென்றது. "எவன் சொன்னான்? அனுமதி இல்லேன்னு நல்லாத் தெரிஞ்சேதான் வாங்கினேன்! என் கம்பெனிக்கு எவன் தயவும் வேண்டாம்!"

அவருடைய வக்கீல் கோட்டைப் பிடித்து இழுப்பதற்குள் சொல்லி முடித்துவிட்டார்.

"அப்படியே பதிவு பண்ணுங்க," என்றாள். பிறகு சட்டத்தைப் படித்தாள்: அனுமதியில்லாத பத்திரம் செல்லாது. ஆனால் விவரம் அறியாமல் விலைகொடுத்து வாங்கியவர் கையில் அது செல்லும்.

மாலையில் ஆணையம் அதையே சொன்னது. ரீடிங்காரர்களின் பத்திரங்கள் செல்லும். அண்ணனுடையவை வெறும் காகிதம். போட்ட பணத்தைக் கேட்க, கம்பெனிக்குக் கடன் கொடுத்த எல்லோருக்கும் பின்னால் அவர் கடைசி வரிசையில் நிற்க வேண்டும். நொடித்துக்கிடக்கும் கம்பெனியில் அந்த வரிசைவரை எதுவும் வராது என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்?

மாடிப்படியில் அவளை மறித்தார். "வீடு போயிடும்டி. உங்க அண்ணி எங்க போவா?"

"வாடகைக்குத்தான். நாங்க போகலியா?"

அவர் கைப்பிடியைத் தடவித் தடவி இறங்கினார். அவளுடைய கட்சிக்காரர் ஒருவர் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"இருங்க," என்றாள் திரும்பாமலே. அண்ணன் இறங்க இன்னும் ஒரு வளைவு பாக்கியிருந்தது.