பெரியதும் அதைவிடப் பெரியதும்

ஹிலரி பொத்தானை அமுக்கிப் பிடித்தாள். கட்டிலின் தலைப்பக்கம் முனகிக்கொண்டே எழும்பியது. அப்பாவின் தலையும் அதோடு எழும்பி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

"போதுமாப்பா?"

"இன்னும் கொஞ்சம். தண்ணி தெரியல."

முன்னறையில் சோபா இருந்த இடத்தில் இப்போது அந்த மருத்துவமனைக் கட்டில் கிடந்தது. சோபாவை நடைவழியில் செங்குத்தாக நிறுத்தியிருந்தார்கள். போகிறவர் வருகிறவர் எல்லோரும் அதில் தோளை இடித்துக்கொண்டார்கள். ஜன்னலுக்கு வெளியே சாலை, பிறகு தாழ்ந்த சுவர், பிறகு தண்ணீர். சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் கிளம்புகிற எந்தக் கப்பலும் ஹைத் ஊரின் இந்த ஜன்னலைத் தாண்டித்தான் கடலுக்குப் போக வேண்டும்.

"உங்கம்மா சொன்னாளா?" ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் அப்பா லெஸ் மூச்சைத் தேடினார்.

"இன்னும் இல்ல."

"அந்தக் கப்பல் டிக்கெட் கடைப் பொண்ணு இன்னிக்கு வரைக்கும்தான் ரூமைப் பிடிச்சு வச்சிருப்பா."

"தெரியும்பா. நீ பேசாம இரு."

"பேசாம இருக்கத்தான் போறேன். அதுக்கு முன்னாடி..." இருமல் வந்துவிட்டது.

அவருடைய விரல்கள் போர்வையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தன, விட்டன, மறுபடி பிடித்தன. காலையிலிருந்து அப்படித்தான். வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் மிசஸ் ஒசெய், போகும்போது சோபாவுக்குப் பக்கத்தில் நின்று தாழ்ந்த குரலில் சொல்லியிருந்தாள்: "இன்னிக்கோ நாளைக்கோதான்மா. மனசுல ஏதோ முடியாம கெடக்கு அவருக்கு. அது முடிஞ்சா கொஞ்சம் அடங்குவாரு."

அது என்ன என்று ஹிலரிக்குத் தெரியும். கப்பல்.

மே மாதம் நார்வேக்கு இரண்டு உல்லாசக் கப்பல்கள் போகின்றன. ஒன்று 'அடலின்', பெரியது. பதினைந்து வருடமாக அப்பாவும் அம்மாவும் அதில்தான் போய் வந்தார்கள். வெயிட்டர்களுக்கு அவர்களைப் பெயர் சொல்லித் தெரியும். மற்றது 'ஆர்க்டூரஸ்', அதைவிடப் பெரியது. அதன் மேல்தட்டில் சறுக்குமரம்கூட இருக்கிறது. அது முதல்முறை ஜன்னலைக் கடந்தபோது எதிர்க்கரை மொத்தமும் மறைந்துபோனது. "நகராட்சி அடுக்குமாடிக் குடியிருப்பைத் தண்ணியில தள்ளி விட்டுட்டாங்க" என்றார் அப்பா. அதற்குப் பிறகு அதைப் பார்த்தால் திரைச்சீலையை இழுத்து மூடுவார்.

இப்போது அவரே ஆர்க்டூரஸ்தான் வேண்டும் என்கிறார். அம்மா அடலின் என்கிறாள். மூன்று வாரமாக இதே சண்டை. மே மாதம் யார் போகப்போகிறார்கள் என்று மட்டும் இந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை.

ஹிலரி நடைவழியில் தோளை இடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அங்கே அம்மா டோரீன், கழுவிய கோப்பைகளையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஆர்க்டூரஸ்னு ஒரு வார்த்தை சொல்லிடேன். நிம்மதியாத் தூங்குவாரு."

"எனக்கு அந்தக் கப்பல் பிடிக்கல."

"அவருக்கும் பிடிக்காது. மருந்து பேச வைக்குது. சும்மா சரின்னு சொல்லு, அப்புறம் வேண்டாம்னுடலாம்."

"சாகப்போறவன்கிட்ட பொய் சொல்லச் சொல்றியா?"

அந்த வார்த்தையை அம்மா சொல்லி ஹிலரி கேட்டது அதுதான் முதல்முறை. அம்மாவுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். குழாயை இன்னும் வேகமாகத் திறந்துவிட்டாள்.

ஹிலரி தொலைபேசியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். குளிரில் குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே நடந்துகொண்டே பயணக் கடையைக் கூப்பிட்டாள். கெய்லி என்கிற பெண் எடுத்தாள்.

"இன்னும் ரெண்டு நாள் பிடிச்சு வைக்க முடியுமா?"

"அடலின்ல பிரச்சினையே இல்லங்க, நெறைய இடம் இருக்கு. ஆர்க்டூரஸ்லதான் கஷ்டம். அந்த மாதிரி ரூம் கொஞ்சந்தான். சட்டுனு போயிடும்."

"எந்த மாதிரி ரூம்?"

"ஒத்த ஆளு ரூம். உங்கப்பா அதைத்தானே கேட்டாரு? அடலின்ல அது கெடையாதுங்க. எல்லாமே ரெண்டு பேரு ரூம்தான்." கெய்லி கொஞ்சம் நிறுத்தினாள். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

ஹிலரி தொட்டியின் மூடியைத் திறந்தாள், மூடினாள். உள்ளே போனபோது கோப்பைகள் துடைத்து அடுக்கப்பட்டிருந்தன. அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள்.

"சொல்லிட்டாளா?"

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாமலா? பதினஞ்சு வருஷமா கப்பலோட தளப்படத்தை மேஜையில விரிச்சு வச்சுக்கிட்டு ராத்திரியெல்லாம் பாப்பான். தலைக்கு மேல டான்ஸ் ஹால் வருதா, கீழ இன்ஜின் இருக்கான்னு. இந்தத் தடவ நான் பக்கத்துல போனா மடிச்சு வச்சான்." டோரீன் துடைக்கும் துணியை உதறி மடித்தாள். "நான் சரின்னுட்டா அப்புறம் அவனுக்கு இங்க என்ன வேலை இருக்கு, சொல்லு."

ஹிலரி கெட்டிலை அடுப்பில் வைத்தாள். அதில் தண்ணீர் இல்லை என்று அம்மாதான் எடுத்து நிரப்பினாள். பிறகு துணியைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னறைக்குப் போனாள். ஹிலரி நடைவழியில், சோபாவுக்குப் பின்னால் நின்றாள். உள்ளே போகவும் முடியவில்லை, அங்கிருந்து நகரவும் முடியவில்லை.

அம்மா நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"அந்த ரூம்ல ஜன்னல் இருக்கா?"

அப்பா மூச்சைக் கூட்டிக்கொண்டார். பிறகு, "இருக்கு. வட்டமா. சின்னது."

"எவ்வளவு சின்னது?"

"உன் மூஞ்சி போதும்."

"மேல என்ன?"

"மேல யாரோ தூங்குவாங்க. கீழ படுக்கை விரிப்பு அடுக்குற ரூம். பாத்துட்டேன்."

"லிஃப்டுக்கு நின்னே பாதி நாள் போயிடும்னு நீதானே சொல்லுவ."

"நீ என்ன அவசரமாப் போகப்போற, கெழவி?"

"சாப்பிடுறப்ப யாராவது ஊரு பேரு தெரியாதவங்ககூட உக்காத்தி வைப்பாங்க."

"பேசு. என்கூட நாப்பது வருஷம் பேசல?"

"நீ எங்க கேட்ட?"

அப்பா சிரித்தாரா இருமினாரா என்று தெரியவில்லை. அது அடங்க நேரமானது. அம்மா சரி என்று சொல்வாள் என ஹிலரி காத்திருந்தாள். அம்மா சொல்லவில்லை. "வாய் காஞ்சு போச்சு உனக்கு. நனைக்கத் தேத்தண்ணி எடுத்துட்டு வரேன்" என்று எழுந்து வந்தாள். ஹிலரியைப் பார்க்காமல் தாண்டிப் போனாள். தோள் சோபாவில் இடித்தது.

ஹிலரி உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். நாற்காலி இன்னும் சூடாக இருந்தது. அப்பா கண்ணை மூடியிருந்தார். விரல்கள் போர்வையின் மேல் சும்மா கிடந்தன. மூச்சு ஒன்று வந்தது. வெளியே ஒரு கார் போனது. அடுத்த மூச்சு வரத் தாமதமானது. வந்தது. அதற்கு அடுத்ததற்காக அவள் உட்கார்ந்திருந்தாள். சமையலறையில் கெட்டில் சீறி, சீறல் நின்றது. கோப்பையில் கரண்டி சுழன்றது. அவள் இன்னும் உட்கார்ந்திருந்தாள்.

டோரீன் கோப்பையோடு வாசலில் வந்து நின்றாள். ஹிலரி எழுந்து வழிவிட்டாள். அம்மா கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். கட்டிலருகே போய், சாய்ந்திருந்த தலையை இரண்டு கையாலும் பிடித்து நேராக்கினாள். அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"நர்ஸைக் கூப்பிடணும்" என்றாள்.

ஹிலரி கூப்பிட்டாள். வழியில் வண்டி நெரிசல், கொஞ்ச நேரம் ஆகும் என்றாள் மிசஸ் ஒசெய். இருட்டத் தொடங்கியிருந்தது. ஹிலரி திரைச்சீலையை மூடப் போனாள், மூடாமல் வந்தாள். மருந்துப் புட்டிகளை ஒரு தட்டில் அடுக்கினாள். எதற்கு என்று தெரியாமல் பிறகு கலைத்தாள்.

தொலைபேசி அடித்தது. நர்ஸாக இருக்கும் என்று எடுத்தாள்.

"கெய்லி பேசறேன். கடை சாத்தப் போறோம். அந்த ரூம்..."

"இப்ப முடியாது" என்று ஹிலரி சொல்வதற்குள் அம்மா கை நீட்டினாள்.

டோரீன் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு கட்டிலைப் பார்த்து நின்றாள். அந்தப் பக்கம் கெய்லி "ஹலோ, ஹலோ" என்பது ஹிலரிக்கே கேட்டது.

"அந்த ஒத்த ஆளு ரூம்ல," என்றாள் டோரீன், "தலகாணி எத்தனை போடுவாங்க?"

"தலகாணியா? ரெண்டு போடுவாங்கன்னு நெனைக்கிறேன். அதிகமா இருந்தா ஒண்ண எடுத்துடச் சொல்லிடலாம்மா."

"வேண்டாம். இருக்கட்டும்." பிறகு, "எடுத்துக்கறேன். டோரீன் பேருல எழுதிக்க."

தொலைபேசியை வைத்துவிட்டு, ஆறிப்போன தேநீரை எடுத்து அவளே ஒரு வாய் குடித்தாள்.

ஹிலரி கட்டிலின் பொத்தானை எடுத்தாள். தலைப்பக்கத்தைத் தாழ்த்திவிட்டால் நர்ஸ் வரும்போது சரியாக இருக்கும். அதையாவது செய்யலாம்.

"இரு" என்றாள் அம்மா.

ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. தண்ணீரின் மேல், இடது ஓரத்திலிருந்து விளக்குகள் வரத் தொடங்கின. ஒரு வரிசை, அதன் மேல் ஒரு வரிசை, அதற்கும் மேல். எதிர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. தெரிந்த கப்பல் போனால் ஜன்னலோர விளக்கை இரண்டு தடவை அணைத்துப் போடுவது அப்பாவின் வழக்கம். அவர்கள் அடலினில் போகும்போது ஹிலரி இங்கிருந்து போட்டுக் காட்டுவாள். பார்த்தோம் என்று அம்மா திரும்பி வந்து சொல்வாள். எங்க பாத்தா, மூக்குக் கண்ணாடிய ரூம்லயே விட்டுட்டு வந்தா என்பார் அப்பா. ஆர்க்டூரஸுக்கு அவர் ஒருநாளும் போட்டதில்லை.

டோரீன் விளக்கின் பக்கத்தில் போய் நின்றாள். அணைத்தாள். அறை இருண்டது. கப்பலின் வெளிச்சம் சுவரில் ஊர்ந்து, போர்வையின் மேல் ஊர்ந்து, அப்பாவின் முகத்துக்கு வந்து நகர்ந்தது. அவள் மறுபடி போடவில்லை. சுவிட்சில் விரலை வைத்தபடி, மேல்தளத்திலிருந்து ஒவ்வொரு வரிசையாக, சின்ன வட்ட ஜன்னல்களைத் தேடிக்கொண்டிருந்தாள்.