பின்னால் கடல்

கொழும்புக்குப் போக நாலு பேர் வேண்டும் என்று காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கு கேட்டபோது முதலில் கை தூக்கியவள் மீனம்மா. கடலோரக் காலிமுகத்திடலில் ஒரு தேயிலைக் கம்பனியின் விழா. கொழுந்துக் கூடையோடு நின்றால் போதும், அன்றைக்குச் சம்பளத்துக்குப் பேர் போட்டுவிடுவோம், சாப்பாடும் உண்டு என்றார்.

மீனம்மாவுக்கு நாற்பத்தொன்பது வயது. வட்டகொடைக்குக் கீழே இருக்கிற அந்தத் தோட்டத்தை விட்டு அவள் அதிக தூரம் போனது கண்டி ஆஸ்பத்திரிக்கு. புருஷனை அங்கே உயிரோடு கொண்டுபோய்ப் பிணமாகத் திருப்பிக் கொண்டுவந்தாள். கடலைப் பார்த்ததில்லை. கடலை விடு, மகளைப் பார்க்கலாம். பிரேமினி கொழும்பில் இருக்கிறாள். வெள்ளவத்தையில் விமான டிக்கட் போடும் ஆபீஸில் வேலை. தோட்டத்துக்கு வந்து பத்து மாதமாகிறது.

புறப்படுவதற்கு முதல் நாள் இரண்டு தடவை போன் அடித்தாள். பிரேமினி எடுக்கவில்லை.

"அங்க போய் அடிச்சுக்கலாம். புள்ள ஓடி வந்துரும்" என்றாள் ராக்காயி. லயத்து வீட்டு வரிசையில் பக்கத்துக் காம்பிராக்காரி. மீனம்மா வேலைக்குப் போன நாளெல்லாம் பிரேமினியை இடுப்பில் சுமந்தவள். அவளும் நால்வரில் ஒருத்தி.

திடலில் வேன் நின்றதும் போனையும் பையையும் வாங்கி உள்ளே வைத்துப் பூட்டினார்கள். ஆளுக்கொரு பச்சைச் சீலை, ஒட்டுகிற மூக்குத்தி, புதுக் கூடை. தோட்டத்தில் கூடையை விட்டுச் சாக்குக்கு மாறிப் பல வருஷமாகிவிட்டது. ராக்காயிக்குக் கூடைக் கயிறு நெற்றியில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது.

கம்பனி மிஸ் சிங்களத்தில் விளக்கினாள். படத்தில் கடல் பின்னால் வரவேண்டும். அதனால் நாலு பேரும் கடலுக்கு முதுகைக் காட்டி, கட்டடங்களைப் பார்த்து நிற்க வேண்டும். காலை பத்து மணிக்கு நின்றார்கள். பின்னால் இரைச்சல் மட்டும் கேட்டது. காற்று சீலையைப் பிடுங்கியது. மீனம்மா இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். இரண்டு தடவையும் மிஸ், "அம்மே, மெஹே பலன்ன" என்று முகத்தை இந்தப் பக்கம் திருப்ப வைத்தாள்.

வெள்ளைக்காரர்கள் வந்து பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எடுத்தார்கள். ஒருத்தன் தன்னுடைய கறுப்புக் கண்ணாடியை ராக்காயிக்கு மாட்டிவிட்டு எடுத்தான்.

நாலு மணியிருக்கும். மூன்று பேர் நடந்து வந்தார்கள். வயதான ஒரு அம்மா, அவருடைய மகன், கூடவே பிரேமினி. முடியை நேராக்கி விட்டிருந்தாள். மீனம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. பிரேமினியும் பார்த்தாள். பார்த்த இடத்திலேயே கால் நின்றது. உடனே குனிந்து கையிலிருந்த போனைப் பார்க்கத் தொடங்கினாள்.

"வாங்கோ பிள்ளை, இவையளோட ஒரு படம் எடுப்பம்" என்றார் அந்த அம்மா. "வினோஜன், நீ எடு."

"வேணாம் ஆன்ட்டி. வெயிலா இருக்கு."

"ஒரு நிமிசந்தானே."

"ஏய் பிரே..." என்று ராக்காயி வாயைத் திறந்தாள். மீனம்மா அவள் கையைப் பிடித்து இறுக்கினாள்.

அந்த அம்மா நல்ல மாதிரிதான் பேசினார். "எந்தத் தோட்டம் அம்மா?"

"வட்டகொடைப் பக்கம்ங்க."

"பிள்ளையள் இருக்கினமோ?"

"ஒரு மக இருக்கா. தூரத்துல வேலை செய்யிறா."

"எங்களுக்கு வரப்போற மருமகளும் உங்கட பக்கந்தான். தாய் நோர்வூட்டில டீச்சர். ஆவணியில கலியாணம்" என்று பிரேமினியைத் தோளில் பிடித்து மீனம்மாவின் பக்கத்தில் நிறுத்தினார்.

கல்யாணமும் டீச்சரும் ஒரே மூச்சில் காதில் விழுந்தன. மகளின் தோள் தன் தோளில் உரசியது. சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தாள். படம் எடுத்து முடிந்ததும் பிரேமினி திரும்பிப் பார்க்காமல் போனாள்.

ஆறு மணிக்கு வேன் புறப்படுமுன் மிஸ் கால் மணி நேரம் விட்டாள். மற்ற இரண்டு பேரும் தண்ணீருக்கு ஓடினார்கள். மீனம்மா மெதுவாகப் படியிறங்கினாள். அலை வந்து காலை நனைத்துப் போனது. போகும்போது காலடி மணலையும் இழுத்துக்கொண்டு போனது. இதற்குத்தானா வந்தோம் என்றிருந்தது.

"ஏன்டி என் கையப் புடிச்ச?" என்றாள் ராக்காயி.

"நீ கூப்பிட்டிருந்தா, இவங்க யாருன்னே தெரியாதுன்னு சொல்லியிருப்பா. அதக் கேக்க எனக்குத் தெம்பில்ல."

ராக்காயி தண்ணீரில் காறித் துப்பினாள்.

மறுநாள் சாயந்தரம் பிரேமினியே போன் அடித்தாள். "ஏம்மா சொல்லாம வந்தீங்க?"

"ரெண்டு தடவ அடிச்சேன்."

"மெசேஜாவது போட்டிருக்கலாம்ல. தெரிஞ்சிருந்தா அவங்கள வேற எங்கயாச்சும் கூட்டிட்டுப் போயிருப்பேன்."

பிரேமினி அழ ஆரம்பித்தாள். "நல்ல சீலை எடுத்துக் குடுத்து, என்ன பேசணும்னு சொல்லிக் குடுத்து, உங்கள அவங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகத்தான் இருந்தேன். இப்ப அவங்க போன்ல உங்க மொகம் இருக்கும்மா. கூடையோட இருக்கு."

"அப்ப கல்யாணத்துக்கு?"

"உங்களுக்குக் கை கால் விழுந்துருச்சுன்னு சொல்லிட்டேன். மாமாவும் அத்தையும் வந்து நின்னாப் போதும்."

"என்னையப் படுக்கையில போட்டுட்டியா?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் வந்தது.

"மாமாகிட்ட நீயே பேசிக்க. ஒனக்காக நான் போய்க் கேக்க மாட்டேன்" என்று மீனம்மா போனை வைத்தாள். அவளால் மகளிடம் மறுத்துச் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

கொட்டகலையில் இருக்கும் அவளுடைய தம்பி நல்லமுத்து, பிரேமினி கேட்டபோது முதலில் கோபத்தில் குதித்தான். பிறகு, பிள்ளை வாழ்க்கை ஆயிற்றே என்று சம்மதித்தான். ஆவணியில் அவனும் பொண்டாட்டியும் கொழும்புக்குப் போய்த் தாய் தகப்பன் இடத்தில் நின்றார்கள். அன்றைக்கு மீனம்மா வேலைக்குப் போனாள். லயத்தில் இருந்தால் ஆளாளுக்கு வந்து கேட்பார்கள். மலையில் ராக்காயி கொழுந்து பறிக்க அவளுக்குப் பக்கத்து நிரையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மூன்று நாள் கழித்து நல்லமுத்து பலகாரப் பையோடு வந்தான். கூடவே பழைய துணியில் சுற்றிய ஒரு போத்தல்.

"சம்பந்தியம்மா குடுத்தாங்க. வாதத்துக்குத் தைலமாம். யாழ்ப்பாணத்துல சொல்லி எடுப்பிச்சதாம். சூடு பண்ணி ரெண்டு வேள தேய்க்கச் சொன்னாங்க. நல்ல மனுசிக்கா. ஒன்னப் பத்தி மூணு நாலு தடவ விசாரிச்சாங்க. நடமாட்டம் வந்ததும் கூட்டிட்டு வாங்கன்னாங்க."

"பிரேமினி என்ன கேட்டா?"

நல்லமுத்து பலகாரப் பையின் முடிச்சை அவிழ்த்தான். "அவளுக்கு ஏதுக்கா நேரம். ஒரே கூட்டம்."

மீனம்மா போத்தலை வாங்கி கூரை இறவாணத்துக்குக் கீழே செருகினாள். தம்பிக்குத் தேத்தண்ணி வைக்க அடுப்பைப் பற்றவைத்தாள். விறகு ஈரம். வெகுநேரம் ஊதிக்கொண்டே இருந்தாள்.