சின்னையாவின் தூக்கிய கை

2023 ஆகஸ்ட் பதின்மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறு மணி பத்து நிமிடத்துக்குச் சின்னையா தமது இடது கையைத் தூக்கினார். அடுத்த நூற்றுப் பத்தொன்பது நாட்களுக்கு அது கீழே இறங்கவில்லை. அன்றைக்கு மலேசியாவின் ஈப்போ நகரில், உருளைக்கிழங்கு மசாலா வைத்துப் பொரித்த கறிபாப் ஒன்று ஒரு ரிங்கிட் ஐம்பது சென், மழை இல்லை. கை தூக்கப்பட்ட இடம், கிந்தா நல்லெண்ணச் சேவைச் சங்கம் மாதந்தோறும் கூடும் ஓர் உணவகத்தின் மாடி அறை. தலைவர் ஸ்கந்தராஜா நிகழ்ச்சி நிரலின் கடைசி வரியான ‘இதர விஷயங்கள்’ என்பதை வாசித்து முடிக்கவும், கீழேயிருந்து கறிபாப் தட்டு மேலே வரவும் சரியாக இருந்தது. இதர விஷயங்களில் எந்த விஷயமும் கறிபாப்புக்கு ஈடாகாது என்பது அந்தச் சங்கத்தின் எழுதப்படாத சட்டம். தலைவர் மேசை மணியை ஒரு தட்டுத் தட்டிக் கூட்டத்தை முடித்தார். அவரோடு சேர்த்து இருபத்திரண்டு உறுப்பினர்கள் எழுந்து தட்டை நோக்கி நடந்தார்கள். இருபத்து மூன்றாமவர் பின்வரிசையில், வலது கையில் ஒலிபெருக்கி வயரும் காற்றில் இடது கையுமாக நின்றுகொண்டிருந்தார்.

சின்னையாவுக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. செமோருக்குப் பக்கத்தில் பாலத்துத் தோட்டம் என்று ஒன்று இருந்தது. ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள், செம்பனையில் பாதியை வெட்டி வீடமைப்புக்கு விற்றார்கள், மிச்சமிருந்த பதினான்கு வீடுகளில் ஒன்று சின்னையாவுடையது. சொந்தமாக ஒரு நீல லோரி வைத்திருந்தார். சங்கம் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டதற்கும் லோரிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று ஸ்கந்தராஜா பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அத்தனை மேடைகளில் சொல்லியிருக்க வேண்டாம். பதினெட்டு ஆண்டுகளாகச் சங்கத்தின் கூடாரத்தையும் நாற்காலிகளையும் ஒலிபெருக்கியையும் ஏற்றி இறக்கியவர் சின்னையாதான். மற்றவர்கள் பல் மருத்துவர், வழக்கறிஞர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் என்று இருந்தார்கள். ஸ்கந்தராஜாவே நில அளவைத் துறையில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் நல்லவர்கள், அதில் சந்தேகமே வேண்டாம். நல்லது செய்யும் அவசரத்தில் அவர்களுக்குக் காது கொடுக்க நேரம் கிடைப்பதில்லை, அவ்வளவுதான்.

சின்னையா அன்று சொல்ல நினைத்தது ஒரே ஒரு விஷயம். அவருடைய மனைவி மாரியம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டு இரண்டு வருடமாகியிருந்தது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் ஈப்போவுக்குப் போய் டயாலிசிஸ் செய்தாக வேண்டும். அதே தோட்டத்தில் இன்னும் மூன்று பேருக்கு அதே நோய், அதே நாட்கள். நால்வரும் சின்னையாவின் லோரியில்தான் போனார்கள். மாரியம்மா முன்னால், மற்ற மூவரும் பின்னால் தார்ப்பாயின் கீழ், சங்கத்து நாற்காலிகளில். இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு திரும்பும்போது ஒவ்வொரு குழிக்கும் மாரியம்மா பல்லைக் கடித்துக்கொள்வதை ஓரக்கண்ணால் பார்த்தபடி ஓட்டுவது சின்னையாவுக்குப் பெரிய வேதனையாக இருந்தது. சங்கமோ ஒன்பது வருடமாக ஆண்டுக்கு மூன்று வீதம் இருபத்தேழு சக்கர நாற்காலிகளை அந்தத் தோட்டத்துக்கு வழங்கியிருந்தது. சக்கர நாற்காலியோடு எடுக்கும் படம் பத்திரிகையில் எடுப்பாக வரும். தோட்டத்தில் அதில் உட்கார வேண்டியவர் ஒரே ஒருவர். மீதி இருபத்தாறில் சமையல் கேஸ் தோம்பும் டுரியான் பழமும் உட்கார்ந்திருந்தன. ஒன்றில் ஒரு கோழி அடைகாத்தது. சக்கர நாற்காலி போதும், ஒரு வேன் வேண்டும். இதைச் சொல்லத்தான் கை மேலே போனது.

அனுமதிக்குக் காத்திராமல் சொல்லிவிட்டால் என்ன என்று கேட்கலாம். 2011-இல் ஒருமுறை, குத்துவிளக்கிலிருந்து மேசைத்துணியில் தீப்பற்றியதைத் தலைவரின் அனுமதி பெறாமல் சொல்லிவிட்டதற்காகச் சின்னையா ஐந்து ரிங்கிட் அபராதம் கட்டினார். சிரித்துக்கொண்டேதான் வாங்கினார்கள், ஆனால் வாங்கினார்கள். அதிலிருந்து அவர் விதிமுறையை விதிமுறையாகவே வைத்துக்கொண்டார். கை தூக்கிய மறுநாள் தலைவரிடம் தொலைபேசியில் பேசியும் பார்த்தார்.

“தலைவரே, ஒரு விசயம் சொல்லணும்.”

“கூட்டத்திலை சொல்லுங்கோ சின்னையா. போனிலை சொன்னால் குறிப்பிலை ஏறாது.”

அதுவும் நியாயமாகவே பட்டது. அதனால் சின்னையா காத்திருந்தார், கையும் அவரோடு காத்திருந்தது. முதல் வாரம் செமோர் காப்பிக் கடையில் அவர் உட்கார்ந்ததும் பையன் ஓடிவந்து ஓடிவந்து என்ன வேண்டும் என்று கேட்டான். இரண்டாம் வாரம் கேட்பதை நிறுத்திவிட்டான். சாலையோரம் நின்றால் பேருந்துகள் நின்றன. கோயில் திருவிழாவில் பூஜைப் பழங்களை ஏலம் விட்டபோது வேடிக்கை பார்க்கப் போனவர், ஒரு பலாப்பழமும் எலுமிச்சை மாலையும் எடுத்துவிட்டதாக அறிவிக்கப்பட்டார். மருத்துவர்கள் படமெடுத்துப் பார்த்து எலும்பில் குறையில்லை என்றார்கள். மாரியம்மா அவருடைய சட்டைகளின் இடது தோளைப் பிரித்துப் பொத்தான் வைத்துத் தைத்தார். லோரிதான் சிக்கலாக இருந்தது. ஸ்டீரிங்குக்கு வலது கை போதும், கியருக்கு இடது கை வேண்டும். அதற்கும் வழி பிறந்தது. சின்னையா கிளட்சை மிதித்து “ரெண்டு” என்பார், பக்கத்திலிருந்து மாரியம்மா கியரை இரண்டுக்குத் தள்ளுவார். முதல் இரண்டு நாள் வண்டி இருமியது. ஒரு மாதத்தில் எண் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது; சின்னையாவின் கால் அசைவதற்குள் மாரியம்மாவின் கை கியரில் இருக்கும்.

சங்கம் சும்மா இருக்கவில்லை. உறுப்பினர் ஒருவருக்குத் துன்பம் என்றதும் துடித்துப் போனார்கள். “கை நோகுதோ?” என்று ஸ்கந்தராஜா கேட்டார். “வலிக்குதா அண்ணே?” என்று செயலாளர் கௌசிகா கேட்டார், அவர் இளம் வழக்கறிஞர், குறிப்பு எழுதுவதில் புலி. நோகவில்லை என்று சொன்னதும் அத்துடன் விசாரணை முடிந்தது. செப்டம்பர் கூட்டத்தில் ‘சின்னையா கை நிவாரண நிதி’ தொடங்கத் தீர்மானம் போட்டார்கள். அக்டோபர் கூட்டத்தில் அதற்கான உணவுச் சந்தையைப் பற்றியே பேசினார்கள். இரண்டு கூட்டங்களிலும் சின்னையாவின் கை பின்வரிசையில் தூக்கியபடிதான் இருந்தது; எப்போதும் தூக்கியிருக்கும் கை யார் கண்ணிலும் படுவதில்லை. தீபாவளிக்கு முந்திய ஞாயிறு உணவுச் சந்தை நடந்தது. நாசி லெமாக், அப்பம், செண்டோல் என்று பதினோரு கடைகள். கூடாரத்தைச் சின்னையாதான் கொண்டுவந்து போட்டார். பதாகையின் ஒரு முனையைக் கட்டக் கம்பம் போதாமல், கொஞ்ச நேரந்தான் என்று சொல்லி அவர் கையிலேயே கட்டினார்கள். நான்கு மணி நேரம் ஆனது. நல்ல வசூல். அதை வைத்து என்ன வாங்கிக் கொடுப்பது என்று செயற்குழு மூன்று நாள் யோசித்தது. பிறகு கைத்தட்டலுக்கு நடுவே, சின்னையாவுக்கு ஒரு சக்கர நாற்காலி வழங்கப்பட்டது. படம் எடுப்பாக வந்தது. பாலத்துத் தோட்டத்துக்கு அது இருபத்தெட்டாவது.

அன்று வீடு திரும்பும் வழியில் சின்னையாவுக்குப் பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக, சங்கத்தை விட்டு விலகிவிடலாமா என்ற எண்ணம் வந்தது. ஆனால் விலகுவதென்றாலும் கூட்டத்தில் எழுந்து சொல்ல வேண்டும்.

நவம்பரில் தீபாவளி என்பதால் கூட்டமில்லை. டிசம்பர் பத்தாம் தேதிக் கூட்டத்தில் அடுத்த ஆண்டுத் திட்டம் வாக்கெடுப்புக்கு வந்தது. பல் மருத்துவர் இளங்கீரன் முப்பது சக்கர நாற்காலி என்று முன்மொழிந்தார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் மகேந்திரன் முந்நூறு பள்ளிப் பை என்றார். கௌசிகா கைகளை எண்ணினார். சக்கர நாற்காலிக்குப் பன்னிரண்டு, பைக்குப் பன்னிரண்டு. அறையில் இருந்ததோ இருபத்து மூன்று பேர். மறுபடி எண்ணினார், அதே கணக்கு. முந்திய கூட்டங்களில் வாக்கு வித்தியாசம் பெரிதாக இருந்ததால் ஒரு கை அதிகமாக இருப்பது தெரியவில்லை. மூன்றாம் முறை எண்ணும்போது கௌசிகாவின் பேனா பின்வரிசையில் போய் நின்றது.

“சின்னையா அண்ணே, நீங்க எதுக்குக் கை தூக்குறீங்க? வீல்சேருக்கா, பைக்கா?”

“ரெண்டுக்கும் இல்லம்மா. நான் பேசறதுக்குத் தூக்குனேன்.”

“எப்ப?”

“ஆகஸ்ட்டு மாசம்.”

ஸ்கந்தராஜா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். நான்கு மாதமாக அந்த மனிதரிடம் வலியைப் பற்றி மட்டுமே விசாரித்திருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் சிவந்துவிட்டது. “சொல்லுங்கோ சின்னையா,” என்றார். தலைவரின் அனுமதி கிடைத்துவிட்டதால் சின்னையா எழுந்து நின்றார்.

“தலைவர் அவர்களே, எங்க தோட்டத்துல இருவத்தெட்டு வீல்சேர் இருக்கு. உக்கார ஆளு ஒருத்தருதான். மண்ணு ரோட்டுல அது உருளவும் மாட்டேங்குது. உங்க மனசு பெருசுலா, நான் குத்தம் சொல்லல. ஆனா நாலு பேரு வாரத்துக்கு மூணு நாளு டயாலிசிஸ்க்கு என் லோரிலதான் வர்றாங்க. திரும்பிப் போறப்ப ஒவ்வொரு குழிக்கும் என் பொண்டாட்டி படற பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு வேன் வேணும். பழசா இருந்தாலும் பரவால்ல. ஓட்டறதுக்கு எங்க தோட்டத்துப் பையன் தர்மா இருக்கான், பயணி வண்டி லைசென்ஸ் வச்சிருக்கான். அவ்வளவுதான்.”

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கை ஒரு சாண் இறங்கியது. ‘அவ்வளவுதான்’ என்றபோது அது தொடைப் பக்கத்தில் தொங்கியது. இதற்கிடையில் கறிபாப் தட்டு வந்திருந்தது. யாரும் எழவில்லை. சங்க வரலாற்றில் கறிபாப் ஆறிப்போனது அன்றுதான். இளங்கீரன் சக்கர நாற்காலியை வாபஸ் வாங்கினார், மகேந்திரன் பையை வாபஸ் வாங்கினார், வேனுக்கு இருபத்திரண்டு கைகள் எழுந்தன. சின்னையா மட்டும், கொஞ்ச நாளைக்கு இதைத் தூக்குவதாக இல்லை என்று சொல்லிவிட்டார். கௌசிகா குறிப்பில் ‘ஏகமனதாக’ என்றே எழுதினார்.

இரண்டு உணவுச் சந்தை, நிதி திரட்ட ஒரு நெடுநடை, ஒன்பது பேர் உரையாற்றிய ஒரு விருந்து எல்லாம் கழிந்து, அடுத்த செப்டம்பரில் வேன் வந்தது. வெள்ளை நிறம், பழைய வண்டி, நல்ல எஞ்சின். சங்கத்தின் பெயர் நான்கு பக்கமும் எழுதியிருந்தது. கூரையில் எழுதும் யோசனையைக் கௌசிகா தடுத்துவிட்டார். முதல் செவ்வாய்க்கிழமை காலை தர்மா வேனைக் கொண்டுவந்து நிறுத்த, மூவர் ஏறினார்கள். மாரியம்மா வீட்டிலிருந்து வலது கையைத் தூக்கியபடி வந்தார். தர்மாவுக்குக் கையாட்டுகிறார் என்று சின்னையா நினைத்துக்கொண்டார். மாலையிலும் அந்தக் கை அப்படியே இருந்தது.

“தோள் பிடிச்சிருக்கா?” என்று கேட்டார் சின்னையா. இல்லை என்றார் மாரியம்மா. மறுநாள் “வலிக்குதா?” என்று கேட்டுத் தைலம் தேய்த்தார். வியாழக்கிழமை மாரியம்மாவின் விரல்கள் வேன் கூரையைத் தடவிக்கொண்டே ஈப்போவுக்குப் போய்த் திரும்பின. ஊசி குத்துவது இடது கையில் என்பதால் சிகிச்சைக்கு இடையூறில்லை. வெள்ளிக்கிழமை மாலை மறுபடி தைலம் தேய்க்கும்போதுதான் சின்னையாவின் கை பாதியில் நின்றது. ஊரே நூற்றுப் பத்தொன்பது நாள் தன்னிடம் கேட்ட அதே கேள்வியைத்தான் நான்கு நாளாகத் தானும் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்குப் புரிந்தது. தைலப் புட்டியை மூடிவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தார்.

“என்ன மாரி, என்ன சொல்லணும்?”

“இப்பத்தான் கேக்கத் தோணிச்சா?” என்றார் மாரியம்மா. “வேனு நல்லாத்தாங்க இருக்கு. ஏர்கோன் இருக்கு, சீட்டு மெத்துனு இருக்கு. ஆனா வேனு வேணுமான்னு என்னைய யாரும் ஒரு வார்த்த கேக்கல, நீங்களும் கேக்கல. ஞாயித்துக்கெழமையானா கூடாரம், நாக்காலின்னு போயிடுவீங்க. மத்த நாளு வாடகைக்கு ஓட்டம். வாரத்துல மூணு நாளு, போக முக்கா மணி, வர முக்கா மணி, அப்பதான் நீங்க என் பக்கத்துல உக்காந்திருப்பீங்க. நான் கியர் போட நீங்க ஓட்டுனீங்களே, கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருசத்துல நாம ரெண்டு பேரும் சேந்து செஞ்சது அது ஒன்னுதான். குலுங்குனா குலுங்கட்டும். நான் லோரிலதான் வருவேன்.”

சொல்லி முடித்தபோது மாரியம்மாவின் கை மடியில் இருந்தது. சின்னையாவுக்கு அழுகை வந்துவிட்டது. கூடவே, இவ்வளவு பாடுபட்டு வாங்கிய வேனில் ஓர் இருக்கை காலி என்று சங்கத்துக்கு எப்படிச் சொல்வது என்ற பயமும் வந்தது. அந்த இருக்கையைத் பக்கத்தில் தஞ்சோங் ரம்புத்தானைச் சேர்ந்த, அதே நோயுள்ள ஒரு சீனத் தையற்காரருக்குக் கொடுத்தார்கள், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

இப்போது செவ்வாய், வியாழன், சனிக்கிழமை காலைகளில் வெள்ளை வேன் முன்னால் போகிறது, நீல லோரி பின்னால் போகிறது. ஸ்டீரிங் சின்னையாவிடம், கியர் மாரியம்மாவிடம். சின்னையாவின் இடது கையில் ஒரு குறையும் இல்லை. குழி வரும்போதெல்லாம் அது மாரியம்மாவின் தோளைச் சுற்றிப் பிடித்துக்கொள்கிறது. ஒரு லோரியை இரண்டு பேர் ஓட்டிக்கொண்டு போவதைச் செமோர் சாலையில் இப்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.