இரண்டு கரண்டி கிரீம்

காரைக்குடியில் வீட்டிலேயே கேக் செய்து விற்பவள் தஸ்லிமா. பக்கத்து வீட்டுத் தோழி சத்தியப்பிரியாவின் பிறந்தநாள் இந்த வருடம் நோன்பு மாதத்தில் வந்துவிட்டது.

முதல் கேக் நடுவில் குழிந்து போனது. இரண்டாவது அழகாக உப்பி வந்தது. ஆனால் கிரீமைப் பூசி முடித்த பிறகு அவளுக்கு ஒரு சந்தேகம். கேக் மாவில் சோள மாவும் கிரீமில் சர்க்கரைப் பொடியும் போட வேண்டும். டப்பா மாறிப் போட்டுவிட்டோமோ? இரண்டு டப்பாவையும் கழுவிக் கவிழ்த்தாயிற்று. ருசி பார்க்கலாமென்றால் வீட்டில் எல்லோருக்கும் நோன்பு.

வேறு வழியில்லாமல் பிறந்தநாள்காரியையே கூப்பிட்டாள்.

"கண்ண மூடிட்டு வாயத் தொறடி. கேக்கப் பாத்துறாத."

ஒரு கரண்டி கிரீமை விழுங்கிவிட்டு, "அருமையா இருக்குடி. இன்னொரு கரண்டி குடு" என்றாள் சத்தியப்பிரியா.

மாலையில் பாங்கு சொன்னதும் தஸ்லிமா பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்தாள். பிறகு தோழி வெட்டி ஊட்டிய கேக்கை வாங்கினாள். கிரீம் மாவு மாவாக அண்ணத்தில் ஒட்டியது.

"அடிப்பாவி! பொய்யா சொன்ன?"

"வெறும் வயித்தோட வேர்த்து நிக்கிறவகிட்ட, மூணாவது தடவ செய்யின்னு எப்படிடி சொல்ல?"

"அதுக்காக ரெண்டு கரண்டியா முழுங்குவ?"

சிரித்துக்கொண்டே இருவரும் கிரீமை வழித்துப் போட்டார்கள். அதற்குச் சேர வேண்டிய சர்க்கரையெல்லாம் கேக்குக்குள் போயிருந்ததால், அடியில் இரட்டைத் தித்திப்பு.